பார்வையற்றோரும் படிக்கும் வலைப்பக்கம்: எழுத்தமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வையற்ற ஒருவர் வலைப்பக்கத்தைப் பெரும்பாலும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் குரல் வழியாகவே படிக்கிறார். என்விடிஏ, ஜாஸ், வாய்ஸ்ஓவர், டாக்பேக் என அது எதுவாயினும், பக்கத்தின் அழகைப் பார்ப்பதில்லை. அடியில் உள்ள, பக்கத்தைக் கட்டமைக்கும் எச்டிஎம்எல் குறிகளையும் எழுத்துகளையும் அவை எழுதப்பட்ட வரிசையிலேயே வாசிக்கிறது. கண்ணுக்கு மட்டும் தெரியும்படி செய்தவை அந்தக் குரலில் வாரா.

மிகப் பரவலான தவறு போலித் தலைப்பு. ஒரு வரியைத் தடித்த பெரிய எழுத்தில் இட்டுவிட்டால் அது தலைப்பாகிவிடுவதில்லை; தலைப்புக்கான எச்டிஎம்எல் குறியை இட வேண்டும். என்விடிஏ, ஜாஸ் இரண்டிலும் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், 1 முதல் 6 வரையுள்ள எண் விசைகளை அழுத்தினால் அந்தந்த நிலைத் தலைப்புக்கும் தாவலாம். பார்வையுள்ளவர்கள் கண்ணை ஓடவிட்டு வேண்டிய பகுதியைப் பிடிப்பதற்கு ஈடாகப் பார்வையற்றவர்களிடம் இருப்பது இந்தத் தாவல்தான். தலைப்புக் குறி இடாத நீண்ட பக்கத்தில் அந்த வழி அடைபட்டு, தேவையற்ற பத்திகளையும் கேட்டுக்கொண்டே போக நேர்கிறது.

இணைப்புகளுக்கும் இது பொருந்தும். திரைவாசிப்பான் ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் பட்டியலாகத் தரும். அதில் ‘இங்கே சொடுக்கவும்’ என்பது பத்து முறை ஒலித்தால் எதைத் தேர்வது? ‘விண்ணப்பப் படிவத்தைப் பதிவிறக்குக’ என்று இணைப்பிலேயே எழுதிவிடலாம்.

படத்தைச் சொற்களால் விவரிக்கும் மாற்று உரையைத் தராவிட்டால் சில வேளைகளில் கோப்பின் பெயரே வாசிக்கப்படும். வெறும் அலங்காரப் படமென்றால் மாற்று உரைக்கான ‘ஆல்ட்’ (alt) பண்பை எழுதி, அதன் உள்ளடக்கத்தை வெறுமையாக விட வேண்டும். அந்தப் பண்பையே எழுதாமல் விட்டுவிடுவது வேறு. அறிவிப்பு முழுவதையும் படமாக்கி ஏற்றுவதை என்னால் சோம்பல் என்றே சொல்ல முடியும்.

தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய தவறுகளும் உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் குரலில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே வரும். அழகுக்காக ‘அ றி வி ப் பு’ என்று இடைவெளி விட்டால் சொல் சிதறிப்போகும். இடைவெளியை வடிவமைப்புக் கோப்பில் (சிஎஸ்எஸ்) அமைப்பதே முறை. பக்கத்தின் மொழி தமிழைக் குறிக்கும் ‘டிஏ’ (ta) என்னும் குறியீட்டால் அறிவிக்கப்படாவிட்டால், தமிழ்க்குரல் நிறுவப்பட்டிருந்தும் மென்பொருள் அதற்குத் தானாக மாறாமல் போகலாம்.

இத்தவறுகளைத் திருத்துவதற்கு மாற்றாக ‘எழுத்து மட்டும்’ என்று தனிப் பக்கம் அமைப்பதும் நல்லதன்று. முதன்மைப் பக்கம் புதுப்பிக்கப்படும்போது அந்தத் தனிப் பக்கம் பெரும்பாலும் பழையபடியே கிடக்கும்.