கரண்ட் வைத்த கழுத்தில் தெரிவது தழும்பா, கட்டியா? எம்.ஆர்.ஐ.யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாய், நாக்கு, தொண்டைப் புற்றுக்குச் சிகிச்சை முடித்தவர்களை ஸ்கேனுக்குக் கூட்டி வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "திரும்ப வந்திருக்கா?" படத்தை வாசிக்கிறவருக்கு அந்தக் கேள்வி எளிதானதல்ல. அறுவை செய்து கரண்டும் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்த கழுத்தில் எதுவும் பழைய இடத்தில் இருக்காது. சதை இறுகியிருக்கும், குரல்வளை வீங்கியிருக்கும், ஒரு பக்கத்து நெறிகளும் (நிணநீர்க் கணுக்கள்) உமிழ்நீர்ச் சுரப்பியும் எடுக்கப்பட்டிருக்கும். இந்தக் கலவரத்துக்கு நடுவே புண் ஆறிய தழும்பு எது, புற்றின் மிச்சம் எது என்று பிரிக்க எம்.ஆர்.ஐ. நல்ல துணை. ஆனால் முன்கதை தெரியாமல் ஒரே ஒரு படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால், எவ்வளவு விலை உயர்ந்த மெஷினும் ஏமாறும். பீடியும் வெற்றிலை புகையிலையும் வாய்ப்புற்றைக் கொண்டு வந்து சேர்க்கிற நெல்லைச் சீமையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அவசரம். ஆறேழு வாரம் கரண்ட் வைத்து முடித்ததும் வீக்கம் உடனே வடியாது. சில வாரங்களுக்கு அதிகமாகவும் ஆகலாம். அந்தச் சமயத்தில் "ஒரு தடவை பார்த்துருவோம்" என்று ஸ்கேன் எடுத்தால், பார்க்கிற இடமெல்லாம் கான்ட்ராஸ்ட் மருந்தை (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றுவது) உறிஞ்சிப் பளிச்சென்று நிற்கும். பயமும் செலவும்தான் மிச்சம். ஒப்பிடுவதற்கான முதல் எம்.ஆர்.ஐ.க்கு 8 முதல் 12 வாரம் வரை பொறுப்பது வழக்கம். பெட் ஸ்கேன் (சர்க்கரை போன்ற மருந்தை ஏற்றி, அதைக் கூடுதலாக உறிஞ்சும் இடங்களைக் காட்டுவது) என்றால் 12 வாரம். 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், கழுத்து நெறிகளுக்குப் பரவிய 564 நோயாளிகள் இருந்தார்கள். 12 வாரம் கழித்துப் பெட் ஸ்கேன் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் கழுத்து அறுவை செய்தபோதும், எல்லோருக்கும் அறுவை செய்ததற்கு ஈடாகவே உயிர்பிழைப்பு இருந்தது. அதற்காக, கண்ணுக்குத் தெரிய கட்டி வளர்ந்தாலோ, ரத்தம் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ யாரும் காலண்டர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

அடுத்தது பழைய படங்கள். இங்கே பெரும்பாலான குழப்பம் இதிலிருந்துதான் வருகிறது. நம் பக்கத்து ஆட்கள் அறுவைக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்று மருத்துவமனைக்கோ சென்னை அடையாறுக்கோ மதுரைக்கோ போவார்கள். ஸ்கேனை நெல்லையில் வண்ணார்பேட்டையிலோ ஹைகிரவுண்டிலோ எடுப்பார்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த ஃபிலிம், ஆலங்குளத்திலோ களக்காட்டிலோ பீரோ மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். கையில் வருவது "எம்.ஆர்.ஐ. நெக்" என்று எழுதிய சீட்டு மட்டும். ஃபிலிமை செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா என்று கேட்கிறார்கள். போதாது. அதில் எதையும் அளக்க முடியாது, சாம்பலுக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. மஞ்சப்பையில் வர வேண்டியவை: சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேனின் சிடி, டிஸ்சார்ஜ் சம்மரி, கரண்ட் முடிந்த தேதி, பயாப்சி (சதை எடுத்துச் சோதிப்பது) ரிப்போர்ட். இந்த நாலும் வந்தால் பாதி வேலை முடிந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரியை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? கன்னத்தையோ நாக்கையோ வெட்டி எடுத்த இடத்தில் நெஞ்சுச் சதையைத் திருப்பி வைத்துத் தைத்திருப்பார்கள். நரம்பு அறுபட்ட சதை பல மாதங்களுக்கு டி2 படத்தில் (நீரை வெளுப்பாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. படவகை) வெளுப்பாகவும், கான்ட்ராஸ்ட் ஏறியும் தெரியும். அது வைத்துத் தைத்த சதை என்று தெரியாதவர் "புதிய கட்டி" என்று எழுதிவிடலாம். நாக்கை அசைக்கிற நரம்பு ஒரு பக்கம் போயிருந்தால் அந்தப் பாதி நாக்கு முதலில் நீர் கோத்துத் தெரியும், பிறகு கொழுப்பேறிச் சுருங்கித் தொண்டைக்குள் தொங்கும். அந்தத் தொங்கலையும் கட்டி என்று நினைத்தவர்கள் உண்டு. மறுபக்கத்து நல்ல நாக்கு பெரிதாகத் தெரிவதால் அதைச் சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

இனி படத்துக்குள் போவோம். கான்ட்ராஸ்ட் ஏறினாலே புற்று என்று முடிவு கட்டுவது பரவலான தவறு. தழும்பும் மருந்தை வாங்கும். கட்டி பொதுவாகச் சட்டென்று வாங்கும். தழும்பு மெதுவாக, நேரம் போகப்போக வாங்கும். ஊசி போட்டபின் ஒரே ஒரு முறை எடுத்த படத்தில் இந்த வேறுபாடு தெரியாது. டி2 படம் இதைவிட உதவும்: முதிர்ந்த தழும்பு கறுப்பாகவும், நீர்வீக்கம் வெளுப்பாகவும், கட்டி இரண்டுக்கும் நடுவே சாம்பலாகவும் இருக்கும். முதல் சில மாதங்களில் இளந்தழும்பும் சாம்பல்தான், அங்கேதான் சிக்கல்.

அப்போது டிஃப்யூஷன் படம் கைகொடுக்கும். திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை அது காட்டுகிறது. புற்றில் செல்கள் நெருக்கியடித்து நிற்பதால், ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நடக்கப் பார்ப்பது போல நீர் திணறும். டிஃப்யூஷன் படத்தில் அது வெளுப்பாகவும், கூடவே வரும், அந்த நகர்வை எண்ணாகக் கணக்கிட்ட ஏ.டி.சி. படத்தில் கறுப்பாகவும் தெரியும். தவறு எங்கே என்றால், இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பது. டிஃப்யூஷனில் வெளுத்தது நீர்வீக்கமாகவும் இருக்கலாம், ஆனால் அது ஏ.டி.சி.யிலும் வெளுக்கும். ஏ.டி.சி.யில் கறுத்தது முதிர்ந்த தழும்பாகவும் இருக்கலாம், ஆனால் அது டிஃப்யூஷனிலும் கறுக்கும். சீழும் கட்டியைப் போலவே நடிக்கும்; காய்ச்சல், வலி, ரத்தப் பரிசோதனை பற்றித் தெரியாமல் அதைப் பிரிக்க முடியாது. உள்ளே அழுகி நீராகிப்போன கட்டியோ நல்ல பிள்ளை போல் ஏ.டி.சி.யில் வெளுப்பாகவே நிற்கும். இளம் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை: ஆய்வுக் கட்டுரையில் வந்த ஏ.டி.சி. எல்லைக்கோட்டை அப்படியே தூக்கி வந்து உங்கள் மெஷினில் வைக்காதீர்கள். மெஷினும் அதன் அமைப்பும் மாறினால் எண்ணும் மாறும். அதே காரணத்தால்தான் அடுத்தடுத்த ஸ்கேனை முடிந்தவரை ஒரே சென்டரில் எடுக்கச் சொல்கிறோம்.

இவ்வளவு நுட்பமான டிஃப்யூஷன் படத்தை, பல்லுக்கு மேல் மாட்டிய ஓர் உலோக உறை (கேப்) கெடுத்துவிடும். உலோகத்துக்குப் பக்கத்தில் படம் இழுபட்டு, இல்லாத வெளுப்பெல்லாம் வரும். கழற்றுகிற பல்செட் என்றால் கழற்றிவிட வேண்டும். நிலையாகக் கட்டியது என்றால் முன்கூட்டியே சொன்னால் படம் இழுபடுவது குறைகிற வேறு முறையில் எடுக்கலாம். "அண்ணாச்சி, இடுப்புல என்ன கட்டியிருக்கீய?" என்று டெக்னீஷியன் கேட்டால், "வெறும் அரைஞாண் கயிறுதான்" என்று பதில் வரும். தடவிப் பார்த்தால் அதில் வெள்ளிக் கொக்கியும் தாயத்தும் இருக்கும். தாலியைக் கழற்றத் தயங்குகிற அம்மாக்களுக்கு, உள்ளே போகும் நேரத்துக்கு மட்டும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம் என்று சொன்னால் மனசு சமாதானமாகும். தொண்டையில் துளையிட்டு உலோகக் குழாய் போட்டவர்கள் அதை பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிட்டுத்தான் வர வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் அட்டையோடு முதலிலேயே சொல்லிவிடுங்கள். கரண்ட் வைத்தபின் வாய் வறண்டு சளி கெட்டியாகிவிடுவதால் பலருக்கு உள்ளே படுத்ததும் இருமல் வரும். படுக்கும் முன் விழுங்க முடிந்தவர்கள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, இருமித் துப்பிவிட்டுப் போவது படத்துக்கு நல்லது.

சிஸ்பிளாட்டின் என்ற புற்று மருந்து ஏற்றியவர்கள் கிரியாட்டினின் (கிட்னி நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு வரக்கூடாது. சிஸ்பிளாட்டின் கிட்னியைத் தொடும்.

பயாப்சி விஷயத்தில் முன்பின் வரிசை முக்கியம். சந்தேகம் வந்தால் முதலில் ஸ்கேன், பிறகு சதை எடுப்பது. மாற்றிச் செய்தால், கிள்ளி எடுத்த இடத்து வீக்கமே கட்டி போல் தெரியும். கரண்ட் வாங்கிய குரல்வளையில் குறியில்லாமல் அங்கங்கே கிள்ளினால் குருத்தெலும்பு ஆறாமல் போகும் ஆபத்தும் உண்டு. ஸ்கேன் இடத்தைக் காட்டினால் ஊசி சரியான ஆழத்துக்குப் போகும். மேல்தோலில் எடுத்தது நெகட்டிவ் என்பதற்காக ஆழத்தில் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. தாடை எலும்பும் இப்படித்தான் ஏமாற்றும். கரண்ட் வைத்த தாடையில், பக்கத்துப் பல் கிளினிக்கில் விவரம் சொல்லாமல் பல்லைப் பிடுங்கி, எலும்பு செத்துப்போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் அது அச்சு அசல் புற்றுப்போலவே நிற்கலாம். எலும்பைப் பார்க்க சி.டி.யும் வேண்டும்.

அப்புறம் ரிப்போர்ட். சில ரிப்போர்ட்டுகளில் "நை-ராட்ஸ் 2" என்று இருக்கும். வீட்டில் இதை இரண்டாம் ஸ்டேஜ் என்று படித்துவிட்டு அழுகிறார்கள். இது ஸ்டேஜ் இல்லை, சந்தேகத்தின் அளவு. 1 என்றால் மறுபடி வந்ததற்கான அடையாளம் இல்லை, 2 லேசான சந்தேகம், 3 கூடுதல் சந்தேகம், 4 உறுதி. 2 மேற்பரப்பில் என்றால் டாக்டர் குழாய் விட்டு நேரில் பார்ப்பார். ஆழத்தில் என்றால் சில மாதத்தில் மறு ஸ்கேனோ பெட் ஸ்கேனோ சொல்வார். இதற்கு எதிர்ப்பக்கத் தவறு, "சிகிச்சை மாற்றங்கள்தான்" என்ற வரியைப் படித்து நிம்மதியாகி அடுத்த தேதிக்குப் போகாமல் விடுவது. திரும்பி வருவது பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள்தான்.

உடம்பு சொல்வதை ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தாடையோ கன்னமோ புதிதாக மரத்துப் போவது, ஒரு பக்கக் காதுவலி, வாய் திறப்பது மேலும் குறைவது ஆகியவை நரம்பு வழியாகப் புற்று ஏறுவதன் அடையாளமாக இருக்கலாம். அந்த நரம்பு மண்டையோட்டின் அடிவரை போகிறது. சீட்டில் கழுத்து என்று மட்டும் இருந்தால் படம் அவ்வளவு மேலே, அவ்வளவு மெல்லிய துண்டுகளாக எடுக்கப்படாமல் போகலாம். "மோவாய் மரத்துப் போச்சு" என்று டெக்னீஷியனிடம் சொன்னால்கூடப் போதும், அவர் டாக்டரைக் கேட்டுக்கொண்டு மேலே வரைக்கும் சேர்த்து எடுத்துவிடுவார்.