ஒரு கன்ட்ரி ஆல்பம் எப்படி ஓடியது என்று கணிக்கும் முறை

ஒரு ஆல்பம் வென்றதா, தோற்றதா என்று கேட்டால் பெரும்பாலானோர் விற்பனைப் பட்டியலில் அதன் முதல் வார இடத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் வளர்ந்த கன்ட்ரி இசைக்கு இது பெரிய அநியாயம். இந்த இசையில் பல ஆல்பங்கள் நின்று நிதானமாக ஏறுபவை. நான் ஆல்பத்துக்கு ஒரு பக்கமாக நோட்டுப் போட்டு, வாரவாரம் இடத்தைக் குறித்து வருகிறேன். அப்படிக் குறிப்பதில் எனக்குப் பிடிபட்ட வழி இது.

முதலில் வெளியீட்டுத் தேதி. 2015 ஜூலைக்குப் பிறகு வந்த ஆல்பம் அநேகமாக வெள்ளிக்கிழமை வந்திருக்கும். அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை. அமெரிக்க இசைப் பட்டியல்களை வெளியிடும் பில்போர்டு பத்திரிகை இப்போது வெள்ளி முதல் வியாழன் வரை ஒரு வாரமாகக் கணக்கிடுகிறது. பட்டியலில் அச்சாகும் தேதியோ அதற்கும் பிந்தியது. பியான்சேயின் ‘கௌபாய் கார்ட்டர்’ 2024 மார்ச் 29 அன்று வந்தது. அது முதலிடத்தில் நுழைந்த பட்டியலின் தேதி ஏப்ரல் 13. இரண்டு தேதிகளையும் தனித்தனியே எழுதுங்கள்.

அடுத்து, பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 1964இல் தொடங்கிய கன்ட்ரி ஆல்பம் பட்டியல், மறுபக்கம் எல்லா வகை இசையும் மோதும் பில்போர்டு 200. ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஷனையா ட்வெயினின் ‘கம் ஆன் ஓவர்’ 1997 நவம்பரில் வந்தது. பில்போர்டு 200இல் அது இரண்டாம் இடத்தைத் தாண்டவே இல்லை. கன்ட்ரி பட்டியலிலோ 50 வாரங்கள் முதலிடம்; அமெரிக்காவில் 2 கோடிக்கான பிளாட்டினச் சான்றும் பெற்றது. அதைத் தோல்வி என்பார் உண்டா?

மூன்றாவது, எண்ணிக்கை எந்தக் காலத்தது என்று பாருங்கள். 1991 மே வரை கடைக்காரர்கள் சொன்னதை வைத்தே பட்டியல் தயாரானது. பிறகு கடையில் பில் போடும்போதே விற்பனை பதிவாகத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் ‘ரோப்பின் த விண்ட்’ பொதுப் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. எந்தக் கன்ட்ரி ஆல்பமும் அதுவரை செய்யாத காரியம். 2014 டிசம்பர் முதல் இணையத்தில் கேட்பதும் பில்போர்டு 200இல் சேர்ந்தது: அன்றைய விதிப்படி 1,500 முறை கேட்டால் ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமம். இந்த விகிதம் பின்னால் மாறியது. பாட்டுகள் கூடினால் கேட்கும் எண்ணிக்கையும் கூடும் என்பதால், பாட்டுகளின் எண்ணிக்கையையும் குறித்துவையுங்கள். மோர்கன் வாலனின் 2023 ஆல்பத்தில் 36 பாட்டுகள். அதன் முதல் வாரத்தைப் பத்துப் பாட்டு உள்ள பழைய ஆல்பத்தோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது: வார வரிசைக்குப் பக்கத்தில் நிகழ்வுகளுக்கு ஒரு இடம் விடுங்கள். கிறிஸ் ஸ்டேப்பிள்டனின் ‘டிராவலர்’ 2015 மே 5 அன்று வெளியானது. பில்போர்டு 200இல் 14ஆம் இடம், சுமார் 27,000 பிரதிகள். மெல்ல இறங்கிப் பட்டியலை விட்டே போய்விட்டது. பலரும் அதோடு பக்கத்தை மூடியிருப்பார்கள். நவம்பர் 4 அன்று கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருது விழாவில் மூன்று விருதுகள் பெற்றார். ஜஸ்டின் டிம்பர்லேக்கோடு மேடையில் பாடினார். அடுத்த பட்டியலில் ஆல்பம் நேராக முதலிடத்துக்கு வந்தது, சுமார் 1,77,000 யூனிட்டுகளோடு (விற்பனையும் இணையத்தில் கேட்டதும் சேர்ந்த கணக்கு). அந்த வரியின் பக்கத்தில் விழாவின் பெயர் இல்லையென்றால், வெறும் எண்களிலிருந்து ஒன்றும் விளங்காது.

கடைசியாகச் சான்றிதழ். 5 லட்சத்துக்குத் தங்கம், 10 லட்சத்துக்குப் பிளாட்டினம். இசை நிறுவனம் விண்ணப்பித்தால்தான் அமெரிக்க ரெக்கார்டிங் சங்கம் இதை வழங்கும். அதனால் சான்று பெற்ற தேதியை விற்பனை அந்த அளவை எட்டிய தேதியாக எழுதிவிடாதீர்கள். சான்று இல்லாத ஆல்பம் விற்கவில்லை என்றும் முடிவுகட்டாதீர்கள்.