டைபாய்டு கிருமியின் வம்ச மரம்: ஊட்டியில் ரத்தம் எடுப்பதிலிருந்து மரம் வரைவது வரை

டைபாய்டு கிருமியான சால்மோனெல்லா டைஃபியின் ஜீனோமில், அதாவது அதன் முழு டி.என்.ஏ.வில், சுமார் 48 லட்சம் எழுத்துகள். ஓர் ஆண்டு முழுக்க அதில் ஓர் எழுத்துகூட மாறாமல் போகலாம். அதனால் ஓரிரு எழுத்துப் பிழையே வம்ச மரத்தில் ஒரு கிளையை இடம் மாற்றிவிடும்.

ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே, பெரியவர்களிடம் 8–10 மி.லி. ரத்தம் எடுத்து, கிருமி வளர்க்கும் கல்ச்சர் பாட்டிலில் விடுங்கள். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. ஊட்டியின் ஜனவரி இரவில் மேசைமேல் விட்டாலும் அதே கதைதான். நேராக 37 டிகிரி இன்குபேட்டருக்குப் போகட்டும். சம்மதம் வாங்கி, ரத்தம் எடுத்த தேதி, ஊர், ஒரு மாதத்துக்குள் மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் போய்வந்தாரா என்பதையும் அப்போதே குறியுங்கள். தேதி இல்லாத ஜீனோமை வைத்துக் காலக்கணக்குப் போட முடியாது.

மலையில் பலரும் கோட்டைவிடுவது, கிருமி வளர்க்கும் மீடியாவை நீராவி அழுத்தத்தில் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவில். கடல்மட்டத்தில் அழுத்தமானி (சதுர அங்குலத்துக்கு) 15 பவுண்டு காட்டினால் உள்ளே 121 டிகிரி. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் ஏறக்குறைய 3.5 பவுண்டு குறைவு. அதே 15-இல் வெப்பம் 117 டிகிரியில் நின்றுவிடும். மீடியாவில் ஸ்போர் (வெப்பம் தாங்கும் கிருமி வித்து) பிழைத்து, மறுநாள் வேறு கிருமி முளைக்கும். 18.5 பவுண்டு வேண்டும். ஆனால் கருவி அதைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். தாங்காதென்றால் நேரத்தைக் கூட்டி, ஸ்போர் தடவிய சோதனைத் தாளான ஸ்போர் ஸ்ட்ரிப் வைத்துச் சரிபாருங்கள். குடல் கிருமிகளைப் பிரித்தறியும் மீடியாவான எக்ஸ்.எல்.டி. அகாரை மட்டும் ஆட்டோகிளேவில் வைக்கவே கூடாது. கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள்.

எக்ஸ்.எல்.டி. தட்டில் நடுவே கரும்புள்ளி இல்லையென்று காலனியை (கிருமிக் கூட்டத்தை) ஒதுக்கிவிடாதீர்கள். கருமை தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடை டைஃபி கொஞ்சமாகத்தான் விடும். டி.எஸ்.ஐ. என்ற சோதனை மீடியா உள்ள குழாயில் பாருங்கள்: சாய்வு சிவப்பு, அடி மஞ்சள், வாயு கிடையாது, இரண்டும் சேருமிடத்தில் அரும்பு மீசைபோல ஒரு கருங்கோடு. ஓ9, வி.ஐ. என்ற மேற்பரப்பு அடையாளங்களைக் காட்டும் ஆன்டிசீரத்தில் உறுதி செய்து, ஒற்றைக் காலனியை மறுபடி கோடிழுத்து வளர்த்து, 20% கிளிசராலில் மைனஸ் 80-இல் சேமியுங்கள்.

டி.என்.ஏ. எழுத்துகளைப் படிக்கும் சீக்குவென்சிங்குக்கு உயிருள்ள கிருமியை மலையிறக்க வேண்டாம், டி.என்.ஏ.வைப் பிரித்து அனுப்புங்கள். 50 மடங்கு ஆழத்துக்கு (ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக 50 முறை படிக்கப்பட) 150 எழுத்து நீள இணை ரீடுகள் (இரு முனையிலிருந்தும் படித்த துண்டுகள்) 8 லட்சம் ஜோடி போதும். துண்டுகளைத் தொகுத்த நீளம் 48 லட்சத்தைவிட வெகுவாகக் கூடினால் கலப்படம்; அந்த மாதிரியை மறுபடி வளர்க்க வேண்டும். பிறகு, 2001-இல் வெளியான சி.டி.18 என்ற ஒப்பீட்டு ஜீனோமோடு பொருத்தி, ஃபேஜ் (கிருமியைத் தாக்கும் வைரஸ்) பகுதிகளையும் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளையும் மறைத்துவிட்டு ஐ.க்யூ.ட்ரீ மென்பொருளில் மரம் வரையுங்கள். டைஃபி வம்சங்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் ஜீனோடைஃபியில் 4.3.1 வந்தால் அது எச்58 என்ற வம்சம். ஜைர்ஏ மரபணுவின் 83, 87-ஆம் இடங்களையும் பாருங்கள், சிப்ரோஃப்ளாக்சசின் மருந்தை எதிர்க்கும் மாற்றங்கள் பெரும்பாலும் அங்கேதான்.

சமவெளி ஜீனோம்களைப் பொதுத் தரவகத்திலிருந்து கட்டாயம் சேருங்கள். சேர்க்காவிட்டால் பலமுறை மேலேறி வந்த கிருமிகூட மலைக்கே உரிய கிளைபோலத் தோன்றும். இரண்டு நோயாளிகளின் ஜீனோம் அச்சாக ஒத்திருந்தாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது என்று எழுதிவிடாதீர்கள். இருவருமே, பித்தப்பையில் கிருமியை ஆண்டுக்கணக்காகச் சுமக்கும் மூன்றாமவரிடமிருந்து பெற்றிருக்கலாம். அதை வீட்டு விசாரணையும் குடிநீர் விவரமும்தான் பிரித்துக் காட்டும்.