நோயில்லாமல் மருந்து: ஆதர்சக் கலைஞர்களைப் பின்பற்றுவதில் நடக்கும் தவறுகள்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் வாரம் இரண்டு மாலை கூடி இசைக்கருவிகள் வாசிக்கும் அறை ஒன்று இருக்கிறது. யாருக்கும் இது பிழைப்பு இல்லை. ஒருவருக்குக் காய்கறிக் கடை, இன்னொருவர் பள்ளி எழுத்தர், நான் ஒரு விடுதியில் கணக்கு எழுதுகிறேன். புதிதாக வருகிற இளையவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்போம்: யாருடைய இசையைக் கேட்டு இதற்குள் வந்தாய்? இளையராஜா வருவார், ரகுமான் வருவார், சீசனுக்கு வந்த யாரோ பழக்கிவிட்டுப் போன அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் வருவார். ரசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெரியவர்களிடமிருந்து இவர்கள் எடுத்துவரும் பொருளைப் பார்த்தால் சில சமயம் தலையில் கை வைத்துக்கொள்ளத் தோன்றும்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ‘இளைய நிலா பொழிகிறதே’ பாட்டின் கிட்டாரை வாசித்தே தீர்வது என்று உட்கார்ந்தேன். 1982இல் வந்த பாட்டு. தமிழ்நாட்டில் கிட்டார் தொட்ட எவரும் அதைத் தொடாமல் போனதில்லை. மழைக்காலம், மின்சாரம் போய்விடும், டேப் ரிக்கார்டர் பேட்டரியில் ஓடும். பேட்டரி சோர்ந்தால் நாடா மெதுவாகச் சுற்றும், சுருதியும் இறங்கும். எனக்கு அது தெரியாது. அரைக்கட்டை இறங்கிய பாட்டை, சரியாகச் சுருதி சேர்த்த கிட்டாரில், விரல்கள் முறுக்கிக்கொள்ளும் இடங்களிலெல்லாம் பிடித்துப் பழகினேன். அத்தனை கடினமாக இருந்ததால் எஸ்.பி.பி. பாட்டுக்குப் பின்னால் வாசித்தவர்மீது மரியாதை இன்னும் கூடியது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் கீபோர்டுக்காரர் முதல் கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை, அழுத்தியபோதுதான் நாங்கள் இருவரும் வெவ்வேறு ஊரில் நிற்பது தெரிந்தது.

இன்று கைப்பேசியில் பேட்டரி தீர்ந்தால் பாட்டே நின்றுவிடும், சுருதி இறங்காது. ஆனாலும் அதே தவறு வேறு வழியில் வருகிறது. ஹெண்ட்ரிக்ஸ் பல பாடல்களில் கிட்டாரையே அரைக்கட்டை இறக்கி வைத்திருந்தார். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வாகனும் அப்படித்தான். வழக்கமான சுருதியில் இருக்கும் கிட்டாரை எடுத்து அந்தப் பதிவோடு சேர்ந்து வாசித்தால் எதுவும் ஒட்டாது. பையன்கள் தம் காதைச் சந்தேகிப்பார்கள். பாட்டைப் பழகுவதற்கு முன் அது எந்தச் சுருதியில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது பெரிய தவறு. இதை நான் நோயில்லாமல் மருந்து சாப்பிடுவது என்பேன்.

டோனி அயோமியின் கதை இதற்குப் பொருத்தம். பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர், இடக்கைக்காரர். பதினேழு வயதில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில், வேலையை விட்டுப் போகவிருந்த கடைசி நாளில், இயந்திரத்தில் வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இழந்தார். இடக்கைக்காரருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். தடித்த தந்தி வலித்ததால் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் மெல்லிய தந்திகளைக் கிட்டாரில் போட்டுப் பார்த்தார். பிறகு 1971இல் வந்த ஆல்பத்தின் சில பாடல்களில் சுருதியை ஒன்றரைக் கட்டை இறக்கித் தந்தியைத் தளர்த்தினார். கனத்த, இருண்ட அந்த நாதத்தில் அவர் காயத்துக்கும் பங்கு உண்டு. பத்து விரலும் முழுசாக இருக்கும் நம் பையன் தந்தியைத் தொளதொளவென்று இறக்கிவிட்டு, ‘அண்ணே, ஏன் கடகடவென்று அடிக்கிறது?’ என்று கேட்கிறான். அவன் கிட்டாரில் அந்தத் தளர்வுக்கேற்ற தடிமனில் தந்தி இல்லை.

வாகன் நேரெதிர். இரும்புக் கம்பி போன்ற தடித்த தந்தி, அரைக்கட்டை இறக்கம், அதற்கேற்ற முரட்டுக் கை. அதைப் படித்துவிட்டு ஒருவன் மதுரைக்குப் போய் அதே தடிமனில் தந்தி வாங்கிவந்து, சுருதியை இறக்காமல், டிசம்பர் காலைக் குளிரில் வாசித்தான். நான்கு நாள் விரலில் பிளாஸ்திரி. எங்கள் ஊர்க் குளிரில் வெந்நீரில் கை நனைக்காமல் வாசிக்கத் தொடங்குவதே தவறு. தடித்த தந்தி அதற்கு மேல்.

அயோமி இன்னொருவரிடமிருந்து எடுத்துக்கொண்டதைப் பாருங்கள். விபத்துக்குப் பிறகு சோர்ந்து கிடந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்: 1928இல் தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் செயலிழந்தும், மிச்சமிருந்த இரண்டைக் கொண்டு ஐரோப்பாவே திரும்பிப் பார்க்க வாசித்த ஜாஸ் கலைஞர். அயோமி பிறகு ஜாஸ் வாசிக்கப் போய்விடவில்லை. தன் கைக்கு எது வருமோ அதைத் தேடினார். ஒருவரைக் கேட்டு இன்னொருவர் உருவாவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கருவி மோகம் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. குவீன் குழுவின் பிரையன் மே தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்தார். கழுத்துக்கு மரம் ஒரு பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து வந்தது. கொடைக்கானல் பங்களாக்களில் கணப்படுப்புக்குப் பஞ்சமில்லை. கடன் வாங்கிக் கிட்டார் வாங்கியவர்களுக்கும் பஞ்சமில்லை.

எங்களை மிகவும் வாட்டுவது வேறொன்று. எல்லோரும் தனி மெட்டு வாசிக்கும் லீட் கிட்டார் கேட்கிறார்கள், இல்லாவிட்டால் பாட வேண்டும் என்கிறார்கள். கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் சுவரில் தொங்குகிறது. அத்தனை பேரும் இளையராஜா பக்தர்கள் என்பதுதான் வேடிக்கை. அவருடைய எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணை நின்றுவிட்டு ஒதுங்குவதில்லை. பாடகருக்குக் கீழே தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும். பாடகரை மட்டும் கேட்டவர் பாட்டில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். புதியவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் பயிற்சி இது: ஒரே பாட்டை நான்கு முறை கேள். முதல்முறை பேஸ் மட்டும், அடுத்து தாளம், அடுத்து வயலின்கள், கடைசியில் குரல். மூன்றாவது முறை கேட்கும்போதே முகம் மாறிவிடும். போன வருடம் ஒரு பெண் நான்கு முறை கேட்டு முடித்ததும் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த பேஸைக் கையில் எடுத்தாள். எங்களுக்கு அன்றைக்குப் பொங்கல்தான்.

குரலைப் போலி செய்வது இதன் உடன்பிறப்பு. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் வந்த பிறகு குணா குகைக்குக் கூட்டம் பெருகியது. விடுதிகளில் மாலையில் பாடுகிறவர்களிடம் ‘கண்மணி அன்போடு’ கேட்காத விருந்தினர் இல்லை. 1991இல் ‘குணா’ படத்துக்காகக் கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடியது. பேச்சும் பாட்டும் மாறி மாறி வருவதால், நம்மவர்கள் கமலின் மூச்சுத் திணறலை அப்படியே நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கிவிடுகிறார்கள். பாட வேண்டிய இடம் வந்ததும் சுருதி எங்கோ போய்விடுகிறது. ஜானகியின் கட்டையிலேயே பாடியாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. உங்கள் தொண்டை எந்தக் கட்டையில் நிற்கிறதோ அதற்குப் பாட்டை நகர்த்துங்கள். கிட்டாருக்குக் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கேப்போ என்ற கவ்வி, கீபோர்டுக்கு ஒரு பொத்தான்.

அடுத்து, ஆசானோடு நின்றுவிடுவது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவை வணங்குகிறவர்கள் பீட்டில்ஸ் யாரைக் கேட்டார்கள் என்று கேட்பதில்லை. 1963இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் 14 பாட்டில் ஆறு பிறருடையவை. அதற்கு முன் ஹாம்பர்க் நகர விடுதிகளில் இரவிரவாக மற்றவர்கள் பாட்டை வாசித்துத் தேறியவர்கள் அவர்கள். இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு இசைத் தொகுப்பு தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கை. எங்கள் மலைக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, 1976இல் முதல் படம் வந்தபோது அவர் முப்பதைக் கடந்திருந்தார். நம் பையன்களோ ஆறு மாதத்தில் சொந்தப் பாட்டு வெளியிட்டுவிட்டு யாரும் கேட்கவில்லை என்று வருந்துகிறார்கள். அவர்கள் ஊர்த் திருவிழாவில் உறுமி அடிப்பவர் சித்தப்பாவாகவே இருப்பார். ‘யாரைக் கேட்டு வந்தாய்?’ என்றால் அவர் பெயர் மட்டும் வராது.

கடைசியாக, மேடைக் காணொளிகளைப் பார்த்துச் செய்யும் ஒரு தவறு. பெரிய கலைஞர்கள் பாட்டுக்குப் பாட்டு கிட்டார் மாற்றுவார்கள். அதைப் பகட்டு என்று நினைத்துவிடுகிறோம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் தடித்த ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு ஐந்து தந்திகளை வேறு விதமாகச் சுருதி சேர்த்து வாசிப்பவர். அடுத்த பாட்டுக்கு வழக்கமான சுருதி வேண்டுமென்றால் வேறு கிட்டார் தேவை. மேடைக்குப் பின்னால் அவற்றுக்குச் சுருதி சேர்த்து வைக்கவே ஆள் இருப்பார். நமக்கு ஒரே கிட்டார், ஆளும் நாமே. அதுவும் விடுதி முற்றத்தில், நெருப்பு மூட்டி, மூடுபனியில். குளிரில் எஃகுத் தந்தி சுருங்கும், சுருதி ஏறும். நெருப்பருகே போனால் தளரும், இறங்கும். புல்லாங்குழல் இதற்கு நேர்மாறு: குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவதால் அதன் சுருதி இறங்கும். ஆக அறைக்குள் ஒன்றாக இருந்த இரண்டும் முற்றத்துக்கு வந்ததும் ஆளுக்கொரு திசையில் போகும். வாசிக்கும் இடத்துக்குக் கால் மணி நேரம் முன்பே கிட்டாரைக் கொண்டுபோய் வையுங்கள், நெருப்பிலிருந்து நாலு அடி தள்ளி. குழல்காரர் தன் முறை வரும்வரை குழலைக் கம்பளிக்குள் வைத்திருக்கட்டும். மூன்று பாட்டுக்கு ஒருமுறை நிறுத்திச் சுருதி பாருங்கள். விருந்தினர் காத்திருப்பார்கள், அவர்களுக்குச் சூடாகத் தேநீர் வந்திருக்கும்.