நெடுங்காலம் ஓடாமல் நின்ற அம்பாசடர்: எஞ்சின் சத்தத்தை இனங்காணும் முறை

பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்றுவிட்ட அம்பாசடரை மீண்டும் உயிர்ப்பிக்கும்போது, எஞ்சினிலிருந்து ஒரு தட்டல் கேட்ட உடனே "கிராங்க் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். (கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு.) ஓடித் தேய்ந்த எஞ்சினின் சத்தமும் ஓடாமல் நின்ற எஞ்சினின் சத்தமும் ஒன்றல்ல. நின்ற எஞ்சினில் எண்ணெய் வடிந்து பேரிங்குகள் உலர்ந்திருக்கும், பழைய பெட்ரோலின் பிசின் வால்வுகளைப் பிடித்திருக்கும், ஈரக்காற்றில் இரும்புப் பரப்புகள் துருவேறியிருக்கும். எனவே சத்தத்தின் மூலத்தைத் தேடுவதற்கு முன், இவற்றுள் எவை தாமாகவே தணியக்கூடியவை என்பதைப் பிரித்தறிய வேண்டும். இங்கே நான் எடுத்துக்கொள்வது மார்க் 2 போன்ற பழைய அம்பாசடர்களில் இருந்த 1489 சிசி, தலைமேல் வால்வு கொண்ட பி.எம்.சி. பி-வரிசை பெட்ரோல் எஞ்சின்.

சாவியைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. டாங்கிலுள்ள பழைய பெட்ரோலை முழுவதுமாக வடித்துவிடுங்கள். அதை எரித்து ஓட்டினால், அன்று நன்றாக ஓடிய எஞ்சின் குளிர்ந்த பிறகு வால்வுத் தண்டுகள் வழிகாட்டிக் குழல்களில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் ஸ்டார்ட் செய்யும்போது, வால்வைத் திறக்க மேலே தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும். சம்ப்பிலுள்ள (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டு) எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தால், வெள்ளி நிறத்திலோ செம்பு நிறத்திலோ மின்னும் துகள்கள் பேரிங் தேய்வை முன்கூட்டியே சொல்லிவிடும். புதிய எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிட்ட பின், ஹேண்டிலைக் கொண்டு கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது தடை தென்பட்டால் வலுவந்தம் செய்யாதீர்கள். தடையின்றிச் சுற்றினால், பிளக்குகள் இல்லாத நிலையிலேயே ஸ்டார்ட்டரால் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறுவதை ஒரு மீட்டரில் கண்ணால் கண்ட பிறகே எஞ்சினை ஓடவிட வேண்டும். இந்த ஒரு படியைத் தவிர்த்ததால் கெட்ட பேரிங்குகள் ஏராளம்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிடாதீர்கள். அழுத்தம் நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள், சத்தத்தை ஆராய்வது பிறகு. கொட்டகைக் கதவுகள் திறந்திருக்கட்டும். தோளில் துண்டோ தொங்கும் ஆடையோ ஃபேன் அருகே இருக்கக்கூடாது.

முதலில் எஞ்சினுக்கு வெளியே உள்ளவற்றை விலக்குங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டால், டைனமோ அல்லது வாட்டர் பம்ப் பேரிங்கின் சத்தம் நின்றுபோகும். கிளட்ச்சை மிதிக்கும்போது சத்தம் தோன்றினாலோ மாறினாலோ கிளட்ச் பக்கம் தேடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடேறியதும் குறையும் டிக்-டிக் ஒலி பெரும்பாலும் மேனிஃபோல்டு (எஞ்சினோடு இணையும் புகைக்குழாய்த் தொகுதி) கேஸ்கெட் வழியே புகை கசிவதால் வருகிறது; அதை டாப்பெட் (கேம்மின் அசைவைப் புஷ்ராடுக்குக் கடத்தும் துண்டு) சத்தம் என்று எண்ணி வால்வுகளைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும்.

இனி உள்ளே வருவோம். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது. எனவே எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றில் ஓடும்போது, ஒரு வால்வின் தட்டல் 350 முறையும், கிராங்க்கோடு சேர்ந்த தட்டல் 700 முறையும் எழும். காதால் எண்ணுவது கடினம். முதல் பிளக்கின் கம்பியில் டைமிங் விளக்கை மாட்டினால் அது இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மின்னும். மின்னலுக்கு ஒரு தட்டல் என்றால் மேலே பாருங்கள், இரண்டு என்றால் கீழே பாருங்கள். நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் அழுத்திக் கேட்டால், எந்த இடம் என்பதும் ஓரளவு தெளிவாகும்.

மேல்பகுதிச் சத்தம்தான் நின்ற எஞ்சின்களில் மிகுதி, இதில்தான் பொறுமை தேவை. டாப்பெட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) வால்வுத் தண்டுக்கும் இடையிலானது, 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். எட்டு வால்வுகளுக்கும், இரு எண்களைக் கூட்டினால் ஒன்பது என்ற கணக்கு பொருந்தும்: முதல் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது எட்டாவதையும், மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவதையும் சரிசெய்யலாம். சரிசெய்த பின்னும் தட்டல் நீடித்தால், ராக்கரின் நுனியில் குழி விழுந்திருக்கக்கூடும். இடைவெளியை அளக்கும் தட்டையான தகடான ஃபீலர் கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம்போல் நின்று பொய்யான அளவைக் காட்டும். கவரைத் திறந்து எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எல்லா ராக்கர்களிலும் எண்ணெய் கசிந்து வருகிறதா என்று பாருங்கள். ஒன்றில் வராவிட்டால் ராக்கர் ஷாஃப்டின் துளை கசடால் அடைபட்டிருக்கிறது. அதுவும் சரியென்றால், மேனிஃபோல்டு பக்கத்திலுள்ள சிறு மூடிகளைக் கழற்றி டாப்பெட்டுகளை வெளியே எடுத்து அடிப்பரப்பைப் பாருங்கள். துருக்குழிகள் இருந்தால் எந்த அளவு திருகினாலும் அந்த ஒலி போகாது. கேம்மின் முகத்தையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

சுமையேறும்போது மட்டும் கேட்கும் சலசலப்பு பேரிங்கினுடையதாக இல்லாமலும் இருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் கருவி) உள்ள எடைகள் துருப்பிடித்து இறுகிவிட்டால் டைமிங், அதாவது தீப்பொறி எழும் நேரம், தவறி எஞ்சின் சலசலக்கும். ரோட்டரைக் கையால் திருப்பிவிட்டால் அது சுருள்வில்லின் இழுப்பில் திரும்பி வர வேண்டும்.

கீழ்ப்பகுதியை அறிய, எஞ்சினை நடுத்தர வேகத்தில் நிறுத்தி ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். அந்தக் கணத்தில் கூர்மையாகத் தட்டினால் கனெக்டிங் ராடு பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பிறகு ஒவ்வொரு பிளக்கின் கம்பியாகக் கழற்றி எர்த்தில் தொடுத்து ஓடவிடுங்கள். எந்தச் சிலிண்டரின் தீப்பொறியை நிறுத்தினால் தட்டல் தணிகிறதோ, அங்கேதான் தேய்வு. பிஸ்டன் ஸ்லாப்பும் (தளர்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அடிக்கும் ஒலி) இதே சோதனையில் தணியும் என்பதால், அது குளிரில் உரத்தும் சூட்டில் குறைந்தும் ஒலிக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வண்டி சுமையோடு இழுக்கும்போது வரும் கனத்த, ஆழமான இடி மெயின் பேரிங்குடையது. இந்த எஞ்சினில் மெயின் பேரிங்குகள் மூன்றே.

கெட்டியான எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அமுக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். குளிர்ந்த எஞ்சினில் அது பேரிங்கை எட்டவே தாமதமாகும். கனெக்டிங் ராடு தட்டல் உறுதியானால் அதற்குமேல் ஓட்டாமல் சம்ப்பைக் கழற்றுங்கள். ராடு பேரிங்கின் மூடியைப் பிரித்து, கிராங்க் கழுத்தை (பேரிங் அமரும் பகுதி) மைக்ரோமீட்டரால் இரண்டு திசைகளில் அளந்து, நீள்வட்டமாகியிருந்தாலோ பரப்பு கீறியிருந்தாலோ மட்டுமே கிராங்க்கைச் சாணைக்கு அனுப்ப வேண்டும்; வட்டம் மாறாமலும் பரப்பு வழவழப்பாகவும் இருந்தால் அதே அளவில் புதிய பேரிங்குகள் போதும்.