யுனிவர்சல் ரிமோட் அமைப்புக் கோப்புகள்: பகிர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல கருவிகளை இயக்கும் யுனிவர்சல் ரிமோட்டுக்கு, பொத்தான்களின் கட்டளைகளைப் பட்டியலிட்டு ஒருவர் எழுதிய அமைப்புக் கோப்பைத் தேடி எடுப்பவரிடம் பெரும்பாலும் கருவியோடு வந்த மூல ரிமோட் இருப்பதில்லை. அது தொலைந்தோ உடைந்தோ போனதால்தான் அவர் கோப்பைத் தேடுகிறார். ஒப்பிட்டுச் சரிபார்க்க வழியில்லாத அவரை மனத்தில் வைத்தே கோப்பைப் பராமரிக்க வேண்டும்.

பரவலாகக் காணப்படும் தவறு, ரிமோட் கற்றுக்கொண்ட அகச்சிவப்புத் துடிப்புகளின் நேர அளவுகளை அப்படியே கோப்பில் சேர்த்துவிடுவது. அந்த அளவுகள் ஒவ்வொரு பதிவிலும் சற்று மாறும். அவற்றைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிப்பதும் கடினம். அதற்குப் பதிலாகப் புரோட்டோகால் (சமிக்ஞையை அமைக்கும் விதிமுறை), கருவி எண், செயல் எண் ஆகிய மூன்றையும் எழுதிவைத்தால், பழுதற்ற சமிக்ஞையை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, 38 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் என்இசி புரோட்டோகாலில் 9 மில்லி விநாடித் துடிப்பும் 4.5 மில்லி விநாடி இடைவெளியும் முதலில் வரும். தொடரும் 32 பிட்களில் (0 அல்லது 1 என்ற இலக்கங்களில்) முகவரியும், அதாவது கருவி எண்ணும், 0, 1 இடம்மாறிய அதன் தலைகீழ் வடிவமும், கட்டளையும், அதாவது செயல் எண்ணும், அதன் தலைகீழ் வடிவமும் அடங்கியிருப்பதால், பதிவு கெட்டிருந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் இதன் விரிவுபடுத்தப்பட்ட வகையில் முகவரிக்கே 16 பிட்களும் பயன்படுகின்றன. அங்கே தலைகீழ் வடிவம் இல்லையே என்று யாரேனும் எண்ணைத் "திருத்தினால்", நன்றாக இருந்த கோப்பு பயனற்றுப் போகும்.

பிட் வரிசையைக் குறிப்பிடாமல் விடுவது இதற்குச் சற்றும் குறையாத தவறு. என்இசி சமிக்ஞையில் மதிப்புக் குறைந்த பிட்தான் முதலில் வரும். சில மென்பொருள்கள் பிட்களை வந்த வரிசையிலேயே எண்ணாகப் படிக்கின்றன. ஆகவே ஒரு கோப்பில் 2 (00000010) என்றிருக்கும் செயல் இன்னொன்றில் 64 (01000000) என்றிருக்கலாம். இரண்டையும் ஒரே கோப்பில் கலந்துவிட்டால், பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஆர்சி5 என்ற இன்னொரு புரோட்டோகாலின் 14 பிட்களில் ஒன்று, பொத்தானை விட்டுவிட்டு மறுபடி அழுத்தும்போதெல்லாம் மாறும். அதைப் பொருட்படுத்தாமல் ஒரே பதிவைச் சேமித்தால், 11ஆம் சேனலுக்காக 1 என்ற பொத்தானை இருமுறை அழுத்தினாலும், ஒரே அழுத்தம் நீடிப்பதாகவே தொலைக்காட்சி எண்ணும். சோனி சமிக்ஞையோ 45 மில்லி விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்பப்படுவது. கோப்பைச் சுருக்குவதாக நினைத்து ஒரே ஒரு தடவை மட்டும் அனுப்பும்படி மாற்றிவிடக் கூடாது.

பெயரிடுவதிலும் கவனம் தேவை. ஒரே பொத்தான் இயக்கவும் அணைக்கவும் செய்யும் கட்டளைக்கும், இயக்க மட்டும் அல்லது அணைக்க மட்டும் உள்ள தனிக் கட்டளைகளுக்கும் "பவர்" என்று ஒரே பெயர் வைத்தால், பல கருவிகளை ஒருசேர இயக்கும் மேக்ரோக்கள், அதாவது கட்டளைத் தொடர்கள், குழம்பும். இந்தத் தனிக் கட்டளைகள் மூல ரிமோட்டில் பொத்தானாகவே இல்லாதிருக்கலாம் என்பதால், தேவையற்ற வரிகள் என்று கருதி அவற்றை நீக்குவோர் உண்டு. எனக்கு மிகவும் வருத்தம் தரும் இழப்பு இதுதான், ஏனெனில் ஒவ்வோர் எண்ணாக அனுப்பிப் பார்த்துப் பொறுமையாகக் கண்டெடுக்கப்பட்டவை அவை.

பிறர் எழுதிய கோப்பைத் திருத்தும்போது பழைய பிரதியின் மேலேயே எழுதாமல், தேதியுடன் புதிய பிரதியாகச் சேமித்து, கருவியின் மாதிரி எண், மூல ரிமோட்டின் மாதிரி எண், உண்மையில் அழுத்திச் சோதித்த பொத்தான்கள் எவை என்ற விவரங்களைக் கோப்பின் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். சோதிக்காதவற்றை நீக்க வேண்டியதில்லை. சோதிக்கப்படவில்லை என்று குறித்தாலே போதும்.