வெஸ்டா ஏன் மங்கலாகத் தெரிந்தது?

2025 ஏப்ரல் கடைசி. வெஸ்டா சிறுகோள் சூரியனுக்கு நேர் எதிரே வரப்போகும் நாட்கள். மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் 10×50 பைனாகுலரோடு உட்கார்ந்தேன்.

முதல் இரவு துலாம் பக்கம் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். எது வெஸ்டா என்றே பிடிபடவில்லை. அத்தனையையும் கொப்பியில் பென்சிலால் குறித்து வைத்தேன். மூன்றாம் இரவு ஒரு புள்ளி மட்டும் மேற்கே நகர்ந்திருந்தது, ஏறத்தாழ முழுநிலாவின் அகலம். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

அப்புறம்தான் அடுத்த சிக்கல். கணிப்பில் ஒளிப்பருமன் 5.7 அளவில் இருக்க, எனக்கு வந்தது 6.3 (எண் கூடினால் ஒளி குறைவு). தவறு என் பக்கம்தான். முன்னிரவில் கடலுக்கு மேலே தாழ்வாக நின்ற வெஸ்டாவை உச்சி விண்மீனோடு ஒப்பிட்டிருக்கிறேன். அடிவானத்துக்கு அருகே காற்றின் தடிப்பு ஒளியை விழுங்கிவிடும், கடல் ஈரம் வேறு.

சரி, பதினொரு மணிக்கு மேல், அது நன்றாக உயர்ந்தபின் பார்த்தேன். அதே உயரத்தில், அதைவிடச் சற்றுப் பிரகாசமான விண்மீன் ஒன்று, சற்று மங்கலானது ஒன்று. இரண்டுக்கும் நடுவே வெஸ்டா எங்கே நிற்கிறது என்று மதிப்பிட்டேன். செந்நிற விண்மீன்களை எடுக்கவில்லை, கண் அவற்றில் ஏமாறும். அடுத்தடுத்த இரவுகளில் 5.7, 5.8 என்றே வந்தது.